படத்துக்குக் கீழே இருக்கும் இரண்டு வரி: கலைக்கல்லூரி மாணவர்களின் நூலகக் கேள்விகள்

எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் ஓவியமும் சிற்பமும் படிக்கிறவர்கள், கும்பகோணத்திலிருந்தும் மாமல்லபுரத்திலிருந்தும் கட்டுரைக்காகச் சென்னைக்கு பஸ் ஏறி வருகிறவர்கள், விஸ்காம் படித்துக்கொண்டே படம் வரைகிறவர்கள் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நான் அச்சோவியம் (பிரின்ட்மேக்கிங்) படித்தவள். படித்த காலத்தில் நூலகத்துக்குப் போனதைவிட நூலக வாசல் டீக்கடைக்குப் போனதுதான் அதிகம். அந்தத் தவறைப் பிறகு திருத்திக்கொண்டதில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன். ஆலோசனைகள் பெரும்பாலும் சென்னையைச் சுற்றியே இருக்கும். இணையம் சம்பந்தப்பட்டவை எந்த ஊருக்கும் பொருந்தும்.

எல்லாப் படமும் போனிலேயே கிடைக்கிறது. அப்புறம் நூலகத்துக்கு எதற்கு வர வேண்டும்?

கிடைக்கிறதுதான். நானும் போனில்தான் முதலில் பார்க்கிறேன். ஆனால் நீங்கள் பின்டரெஸ்டில் சேர்த்துவைத்திருக்கும் ஏதாவது ஒரு படத்தைத் திறந்து, அதன் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. வரைந்தது யார், எந்த ஆண்டு, எதில் வரைந்தது, உயரம் அகலம் எவ்வளவு, இப்போது எங்கே இருக்கிறது என்ற ஐந்தும் ஒரு நல்ல கலைநூலில் படத்துக்கு அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரியாக இருக்கும். அந்த இரண்டு வரிக்காகத்தான் நூலகத்துக்கு வரச் சொல்கிறேன்.

அளவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மோனாலிசா 77 × 53 சென்டிமீட்டர்தான், சுவரில் மாட்டும் காலண்டரைவிடச் சற்றுப் பெரிது. பிக்காஸோவின் குவெர்னிகா ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரமும் 7.8 மீட்டர் அகலமும் கொண்டது. நம் வகுப்பறைச் சுவரில் அடங்காது. மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுப் பாறை ஏறத்தாழ 29 மீட்டர் நீளம். போனில் மூன்றுக்கும் ஒரே கட்டைவிரல் அகலம்தான். அளவு தெரியாமல் ஒரு படத்தைப் பார்த்து 'கம்போசிஷன்' பற்றிப் பேசுவது, ஆளைப் பார்க்காமல் சட்டை தைப்பது மாதிரி.

நிறமும் அப்படித்தான். ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்தில் வெர்மீர் வரைந்த பால் ஊற்றும் பெண்ணின் ஓவியம் இருக்கிறது, 45.5 × 41 சென்டிமீட்டர். இணையத்தில் அதற்குப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட நகல்கள் உலவுவதை அருங்காட்சியகத்தார் கவனித்தார்கள். பலவற்றில் நிறம் மஞ்சளடித்துக் கிடந்தது. அருங்காட்சியகக் கடையில் விற்ற சரியான நிற அஞ்சலட்டையைப் பார்த்தவர்கள், இதுதான் தப்பு என்று நினைத்தார்களாம். கடைசியில் தங்களிடமிருந்த நல்ல படத்தையே இலவசமாக வெளியிடுவதுதான் வழி என்று முடிவெடுத்தார்கள். உங்கள் போனில் இருப்பது அந்த மஞ்சள் நகலா, நல்ல நகலா என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்? கீழே இருக்கும் வரிகளைப் பார்த்துத்தான்.

சரி, முதலில் எங்கே போவது?

பாந்தியன் சாலைக்கு. கன்னிமாரா பொது நூலகமும் அரசு அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. எழும்பூரில் படிப்பவர்களுக்கு இதைவிட வசதி கிடையாது. 1896-இல் திறந்த கன்னிமாரா, 1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. மற்றவை கொல்கத்தா, மும்பை, டெல்லியில் இருக்கின்றன. வெளிவந்து விற்காமல் போன ஓவியப் புத்தகம்கூட இங்கே இருக்க வாய்ப்பு உண்டு என்பதுதான் இதன் நடைமுறைப் பயன். கடையில் 'அவுட் ஆஃப் பிரின்ட்' என்று கையை விரித்தால் இங்கே கேளுங்கள்.

காலையில் நூலகத்தில் படித்துவிட்டு, மதியம் பக்கத்துக் கட்டடத்தில், புத்தகத்தில் பார்த்த அதே வெண்கலச் சிலையை நேரில் பார்க்கலாம். உலகத்தில் எத்தனை கலைமாணவர்களுக்கு அந்த வசதி இருக்கிறது? ஒரு எச்சரிக்கை: அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வெளியூரிலிருந்து வெள்ளிக்கிழமை வந்து கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய கூட்டத்தில் நானும் ஒருத்தி.

அடுத்தது கோட்டூர்புரத்தில் 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். பெரிய வண்ணப் புத்தகங்களை மேஜையில் விரித்து வைத்துப் பார்க்க இடம் இருக்கிறது. சொந்தப் புத்தகமும் நோட்டும் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கத் தனிப் பகுதி உண்டு, ஹாஸ்டல் இரைச்சல் தாங்காதவர்களுக்கு அது ஒரு புகலிடம். மதுரைப் பக்கத்தவர்களுக்கு 2023 முதல் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது.

கிரீம்ஸ் சாலையில் இருக்கும் லலித் கலா அகாதமியின் மண்டல மையத்தையும் மறக்க வேண்டாம். பட்டறை, காட்சிக்கூடம், புத்தகம் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ். காட்சி பார்க்கப் போகிறவர்கள் அகாதமி வெளியீடுகளையும் புரட்டிவிட்டு வரலாம். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் 1812-இல் தொடங்கிய மெட்ராஸ் லிட்டரரி சொசைட்டி இருக்கிறது. பழைய நூல்களில் உள்ள செதுக்கு அச்சுப் படங்களை நிஜக் காகிதத்தில் பார்க்க நினைக்கும் அச்சோவிய மாணவர்கள் அங்கே உறுப்பினராகலாம்.

அலமாரியில் 'கலை' என்று ஒரு வரிசைதான் இருக்கிறது. அதில் எனக்கு வேண்டியது இல்லை. அவ்வளவுதானா?

அவ்வளவு இல்லை. புத்தகங்கள் சிதறிக் கிடக்கின்றன. பல நூலகங்களில் இருப்பது டூயி தசமப் பகுப்பு, அதாவது புத்தகங்களைப் பொருள்வாரியாக எண் போட்டு அடுக்கும் முறை. அதில் 700 கலை, 730 சிற்பம், 740 வரைகலை, 750 ஓவியம், 760 அச்சோவியம், 770 புகைப்படம். மாணவர்கள் இந்த வரிசையோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் தெய்வ உருவங்களின் கை, முத்திரை, ஆயுதம் பற்றிய நூல் இந்து சமயம் என்று 294.5-இல் போய் உட்கார்ந்திருக்கும். ஆடை, அணிகலன் 391-இல் இருக்கும். எலும்பும் தசையும் வேண்டுமானால் ஓவியருக்கான உடற்கூறு 743-இலும், டாக்டர்களுக்கான உடற்கூறு 611-இலும் இருக்கும். எனக்குப் பிடித்தது டாக்டர்களுடையது, அதில் படம் பொய் சொல்லாது. சாயமும் வண்ணமும் பற்றிய தொழில்நுட்பம் 667. செடி கொடி வரைகிறவர்கள் 580 பக்கம் போக வேண்டும்.

இன்னொன்று, பெரிய அளவுப் புத்தகங்கள் சாதாரணத் தட்டில் நிற்காது. அவற்றுக்குப் பெரும்பாலும் தனி அலமாரி இருக்கும், சில இடங்களில் பூட்டியும் இருக்கும். கலைநூல்களில் நல்லவை பல அந்த அலமாரியில்தான். கேட்டால் திறப்பார்கள், கேட்காவிட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

சில பழைய நூலகங்களில் எண்ணுக்குப் பதில் எழுத்தும் புள்ளியும் கலந்த குறி இருக்கும். அது சீர்காழிக்காரர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1933-இல் வெளியிட்ட கோலன் பகுப்பு. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924-இல் சேர்ந்தவர் அவர். அவருடைய முறையில் நுண்கலைக்கு ஆங்கில 'என்' எழுத்து. அந்த எழுத்தில் தொடங்கும் தட்டைத் தேடினால் போதும், மிச்சம் தானாகப் பிடிபடும்.

எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. தமிழில் என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வியைத் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தயங்க வேண்டியதில்லை. தமிழில் கலைநூல்கள் நிறைய இல்லை என்பது உண்மை. மேலைநாட்டுக் கலை வரலாற்றை முழுக்கத் தமிழில் படித்துவிட முடியாது. ஆனால் நம் கலையைப் பற்றி ஆங்கில நூல்களில் கிடைக்காதது தமிழில் கிடைக்கும்.

மயிலை சீனி. வேங்கடசாமி 1956-இல் எழுதிய 'தமிழர் வளர்த்த அழகுக்கலைகள்' முதலில் படிக்க வேண்டியது. கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து எல்லாவற்றையும் இலக்கியச் சான்றோடு சொல்லும் நூல். அவரே எழும்பூர் ஓவியப் பள்ளியில் சில காலம் பயின்றவர், அதாவது உங்கள் சீனியர். அவருடைய நூல்கள் நாட்டுடைமையாக்கப்பட்டுவிட்டதால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சிற்பம் படிக்கிறவர்களுக்கு வை. கணபதி ஸ்தபதியின் 'சிற்பச் செந்நூல்' கைநூல் மாதிரி. தாளம், அங்குலம் என்ற சிற்ப அளவுகள், உறுப்பு அளவு ஆகியவற்றைப் பட்டறையில் ஸ்தபதி பேசும் சொற்களிலேயே சொல்கிறது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தமிழ் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஈழத்து வெளியீடுகளுக்கு 'நூலகம்' என்ற பெயரிலேயே ஓர் இணையதளம் இருக்கிறது. அங்கே கண்காட்சி மலர், பாடசாலை மலர் போன்றவைகூட ஸ்கேன் ஆகியிருக்கின்றன.

ஆங்கிலம் பற்றி ஒரு சின்ன யோசனை. முழுப் புத்தகமும் படிக்க வேண்டாம். படத்துக்குக் கீழே இருக்கும் வரிகளை மட்டும் நாள்தோறும் இருபது படியுங்கள். 'ஆயில் ஆன் கேன்வாஸ்', 'டெம்பரா', 'டிடெய்ல்', 'அட்ரிபியூட்டட் டு' என்று சுமார் ஐம்பது சொற்கள்தான் மாறி மாறி வரும். ஒரு மாதத்தில் பயம் போய்விடும்.

பழைய போஸ்டர், பத்திரிகை அட்டை, எழுத்துரு இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லையே?

புத்தகத்தில் தேடினால் கிடைக்காது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போங்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்துவைத்த தொகுப்பிலிருந்து உருவானது அது. அவர் பேராசிரியரோ ஜமீன்தாரோ அல்லர், விளம்பரப் பலகை எழுதிய ஓவியர். அதனால்தானோ என்னவோ, மற்றவர்கள் எடைக்குப் போட்டதை அவர் எடுத்து வைத்தார்: நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, பழைய வார இதழ்கள். அவர் 1992-இல் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு தொகுப்பு சென்னைக்கு வந்தது.

கிராஃபிக் டிசைன் படிக்கிறவர்கள் இதை ஒரு பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். கணினி எழுத்துரு வருவதற்கு முன்பு தமிழ் எழுத்தைக் கையால் எத்தனை விதமாக வளைத்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் முழுக்கப் பாட்டுப் புத்தக அட்டைகளை மட்டும் பார்த்தால் தெரியும். கதைகளுக்குப் படம் வரைய ஆசைப்படுகிறவர்கள் பழைய ஆனந்த விகடன் தொகுதிகளில் மாலியையும் கோபுலுவையும் பாருங்கள். சில்பி வரைந்த கோயில் சிற்பங்களையும் பாருங்கள். சில்பி சென்னைக் கலைப்பள்ளியில் (இன்றைய எழும்பூர் கல்லூரி) அதன் தலைவராக இருந்த ராய் சௌத்ரியிடம் படித்தவர். கல்லில் இருப்பதைக் கோட்டில் கொண்டுவரும்போது நிழலை எங்கே விட்டுவிட வேண்டும் என்பதை அவரிடம் கற்கலாம். அதை மறுஅச்சுப் புத்தகத்தில் பார்ப்பதும், அந்தக் காலப் பத்திரிகைத் தாளில் மையோடு பார்ப்பதும் ஒன்றல்ல.

போகும் முன் என்ன வேண்டும் என்று எழுதி அனுப்பிவிட்டுப் போவது நல்லது. அங்கே நீங்களே அலமாரியைத் துழாவ முடியாது. பட்டியலில் தேடிக் கேட்டால் எடுத்துத் தருவார்கள். சில இதழ்களை மைக்ரோஃபிலிமிலோ ஸ்கேனிலோதான் பார்க்க வேண்டியிருக்கும்.

எங்கள் கல்லூரியைப் பற்றியே கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். விக்கிபீடியாவைத் தாண்டி என்ன இருக்கிறது?

எழும்பூர் கல்லூரி என்றால் நிறைய இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் சொந்த முயற்சியில் தொடங்கி, இரண்டு ஆண்டில் அரசு எடுத்துக்கொண்ட பள்ளி அது. பிறகு தலைமைக்கு வந்தவர்கள் ஹேவல், 1929 முதல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி, 1957 முதல் கே.சி.எஸ். பணிக்கர். ஒவ்வொருவர் காலத்திலும் பள்ளி வேறு பள்ளியாக மாறியது.

அரசுப் பள்ளியாக இருந்ததால் கோப்புகள் உண்டு. எழும்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, பழைய அரசாணைகளை அங்கே தேடலாம். கல்லூரியிலிருந்து அனுமதிக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். அறுபதுகளைப் பற்றி எழுதினால், முற்போக்கு ஓவியர் சங்கம் நடத்திய 'ஆர்ட்ரெண்ட்ஸ்' இதழையும் லலித் கலா அகாதமியின் இதழ்களையும் கேளுங்கள். ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் உருவான சோழமண்டலத்துக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். பத்திக் துணி விற்ற காசில் நிலம் வாங்கிய ஓவியர்களின் கிராமம் அது. அங்கே உள்ள அருங்காட்சியகத்தில் சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளை வரிசையாகப் பார்க்கலாம். நோட்டை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றின் அருகிலும் இருக்கும் சீட்டை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். போட்டோ எடுத்தால் மறந்துவிடும், எழுதினால் கை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

பெரிய, தெளிவான படம் இலவசமாக எங்கே கிடைக்கும்?

அருங்காட்சியகங்களின் சொந்தத் தளங்களில். நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017-இல் 3,75,000-க்கும் மேற்பட்ட படங்களை எந்த நிபந்தனையும் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டது. ஸ்மித்சோனியன் 2020-இல் 28 லட்சம் படங்கள். கிளீவ்லாந்து, சிகாகோ, முன்பு சொன்ன ரைக்ஸ்மியூசியம் எல்லாம் இப்படித்தான். தேடும் பக்கத்தில் 'ஓபன் ஆக்செஸ்' அல்லது 'பப்ளிக் டொமைன்' என்ற பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள்.

நம் ஊர் வெண்கலங்களில் கணிசமானவை வெளிநாட்டில் இருக்கின்றன என்பது கசப்பான விஷயம்தான். ஆனால் அவற்றின் குறிப்புகள் விரிவாக இருக்கின்றன. மெட்டில் நிற்கும் சோழர்காலப் பார்வதியின் உயரம் 69.5 சென்டிமீட்டர் என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை ஆள் உயரம் என்று நினைத்திருந்தேன்.

இந்திய அருங்காட்சியகங்களுக்கு மத்திய அரசின் 'மியூசியம்ஸ் ஆஃப் இந்தியா' தளமும் 'இந்தியன் கல்ச்சர்' தளமும் உண்டு. தேடும் வசதி சில நாள் நன்றாக வேலை செய்யும், சில நாள் பொறுமையைச் சோதிக்கும். கோயில் சிற்பங்களின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம்தான். 1955-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் காப்பகத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் இருக்கின்றன. கோயிலில் இன்று சுண்ணாம்போ பெயின்ட்டோ அடித்து மூடிவிட்ட சிற்பத்தின் பழைய முகத்தை அங்கே பார்க்க முடிவது உண்டு.

பழைய ஆங்கில நூல்களுக்கு இன்டர்நெட் ஆர்கைவ். சென்னை அருங்காட்சியகத்தின் உலோகப் படிமங்களைப் பற்றி கிரேவ்லியும் டி.என். ராமச்சந்திரனும் 1932-இல் எழுதிய பட்டியல், கோபிநாத ராவ் இந்துப் படிமவியல் பற்றி 1914 முதல் வெளியிட்ட தொகுதிகள் இரண்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அருங்காட்சியகத்துக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போனால், காட்சிப்பெட்டிச் சீட்டில் ஒரு வரி இருக்கும் இடத்தில் ராமச்சந்திரன் ஒரு பக்கம் பேசுவார்.

இறக்கிய படத்தை அச்சிட்டால் மங்கலாக வருகிறதே?

கணக்கு எளிது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல். ஏ4 முழுப்பக்கத்துக்கு 2480 × 3508 வேண்டும். வாட்ஸ்ஆப்பில் வந்த 800 பிக்சல் படம் ஏழு சென்டிமீட்டர்கூடத் தாங்காது. ஜெராக்ஸ் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை.

ஒரு படம் கிடைத்தது, பெயர் தெரியவில்லை. என்ன செய்வது?

கூகிள் லென்ஸில் போடுங்கள். வரும் முடிவுகளில் விற்பனைத் தளங்களையும் வால்பேப்பர் தளங்களையும் ஒதுக்கிவிட்டு, அருங்காட்சியகம் அல்லது ஏலக்கூடத்தின் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். அருங்காட்சியகப் பக்கமானால் சேர்க்கை எண் என்று ஒன்று இருக்கும். அதை எழுதிக்கொண்டால் பிறகு எந்த மொழியிலும் எந்தத் தளத்திலும் அதே பொருளைப் பிடித்துவிடலாம். ஒன்றும் சிக்கவில்லையா, அந்தப் படத்தைக் கட்டுரையில் போடாதீர்கள். பார்த்து வரைந்து பழக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நூலகத்தில் புத்தகப் பக்கத்தைப் போனில் படம் எடுக்கலாமா?

முதலில் அனுமதி கேளுங்கள். பல இடங்களில் சொந்தப் படிப்புக்குச் சில பக்கங்கள் எடுக்க விடுவார்கள், அரிய நூல்களுக்கு விடமாட்டார்கள். ஃபிளாஷ் எங்கேயும் கூடாது.

எடுக்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன், பத்துக்கு எட்டுப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். முதல் படம் புத்தகத்தின் தலைப்புப் பக்கம். இரண்டாவது, ஆண்டும் பதிப்பகமும் இருக்கும் பின்பக்கம். அதற்கப்புறம்தான் உங்களுக்கு வேண்டிய ஓவியம், அதுவும் பக்க எண்ணும் கீழே இருக்கும் வரிகளும் சேர்ந்து தெரிகிற மாதிரி. ஓவியத்தை மட்டும் நறுக்கி எடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து "அக்கா, இது எந்தப் புத்தகம்?" என்று எனக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்?

ஆர்ட் பேப்பரில் டியூப் லைட் பளீரென்று அடிக்கும். ஜன்னல் ஓரத்தில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வருகிற மாதிரி புத்தகத்தைத் திருப்புங்கள். போனைக் கிட்டத்தில் கொண்டுபோகாமல் கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் ஓரம் வளையாது. பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து எடுங்கள், பிறகு நிறத்தைச் சரிசெய்ய அதுதான் அளவுகோல். தடித்த புத்தகத்தை 180 டிகிரிக்கு அமுக்கித் திறக்காதீர்கள். இரண்டு பக்கமும் வேறு புத்தகங்களை முட்டுக் கொடுத்து 'வி' வடிவில் வைத்தால் தையல் பிழைக்கும்.

பதிப்புரிமை, பதிப்புரிமை என்று பயமுறுத்துகிறார்கள். எதை வரையலாம், எதை வரையக் கூடாது?

இந்தியச் சட்டம் 1957-ஆம் ஆண்டினுடையது. ஓவியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து 60 ஆண்டு எண்ணுங்கள். ரவி வர்மா மறைந்தது 1906, உரிமை எப்போதோ முடிந்துவிட்டது. அம்ரிதா ஷேர்-கில் 1941, அதுவும் முடிந்தது. பணிக்கர் 1977-இல் மறைந்தார். 2037 முடியும்வரை உரிமை அவர் வாரிசுகளுடையது.

சொந்தப் படிப்புக்காகவும் ஆராய்ச்சிக்காகவும் பார்த்து வரைவதைச் சட்டம் தடுக்கவில்லை. அதை டி-ஷர்ட்டில் அச்சிட்டு விற்கும்போதுதான் சிக்கல். பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலையை வரைந்து, படம் எடுத்து வெளியிடுவதற்கு விலக்கு உண்டு. ராய் சௌத்ரி 1975-இல்தான் மறைந்தார், ஆனாலும் மெரினாவின் உழைப்பாளர் சிலையை நீங்கள் தாராளமாக ஸ்கெட்ச் செய்து கண்காட்சியில் வைக்கலாம். அதைச் சின்னதாக வார்த்து விற்பதற்கு அந்த விலக்கு பொருந்தாது.

இரண்டு இடத்தில் எல்லாரும் தடுமாறுகிறார்கள். ஆயிரம் ஆண்டுப் பழைய வெண்கலத்துக்கு உரிமை இல்லை, ஆனால் அதைப் புகைப்படம் எடுத்தவருக்கு அந்தப் படத்தில் உரிமை இருக்கலாம். அடுத்தது, நாட்டுடைமை. ஓர் எழுத்தாளரின் நூல்களை அரசு நாட்டுடைமையாக்கினால் அவருடைய எழுத்துத்தான் பொதுவாகிறது. அதே நூலின் அட்டைப்படத்தையோ உள்ளே இருக்கும் கோட்டோவியத்தையோ வேறொருவர் வரைந்திருந்தால், அது அவருடையதுதான். எழுத்தாளருக்குக் காசு போகும், ஓவியருக்குப் பெயர்கூடப் போகாது என்பது நம் ஊர்ப் பதிப்பு வழக்கம். நீங்களாவது அட்டை ஓவியர் பெயரைத் தேடிப் போடுங்கள்.

வீடியோ, ஆவணப்படம் ஏதாவது?

1948-இல் அமைந்த ஃபிலிம்ஸ் டிவிஷன் ஓவியர்களைப் பற்றி நிறைய எடுத்திருக்கிறது. 2022-இல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்தது. அதன் படங்களில் சில யூடியூபிலேயே கிடைக்கின்றன. ஒன்றுதான் சொல்வேன்: சத்யஜித் ராய் 1972-இல் எடுத்த 'தி இன்னர் ஐ'. பார்வை போன பிறகும் வேலையை நிறுத்தாத வினோத் பிஹாரி முகர்ஜியைப் பற்றியது. சுமார் இருபது நிமிடம், வகுப்பு ஆரம்பிப்பதற்குள் பார்த்துவிடலாம்.

ஆய்வுக் கட்டுரைகளைக் காசு கொடுக்காமல் படிக்க முடியுமா?

ஜேஸ்டோரில் தனிக் கணக்குத் தொடங்கினால் மாதத்துக்கு நூறு கட்டுரை வரை திரையில் இலவசமாகப் படிக்கலாம். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளுக்கு சோத்கங்கா. அதில் ஒரு வித்தை இருக்கிறது: ஆய்வேட்டை முழுக்கப் படிக்காமல் கடைசியில் இருக்கும் நூற்பட்டியலை மட்டும் எடுங்கள். யாரோ நான்கு வருடம் அலைந்து சேர்த்தது அது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கன்னிமாராவுக்குப் போங்கள்.

ஏஐயிடம் கேட்டால் புத்தகப் பட்டியலே தந்துவிடுகிறதே?

தருகிறது. ஒரு மாணவர் அப்படி வாங்கிய ஐந்து புத்தகப் பட்டியலோடு என்னிடம் வந்தார். அரை நாள் தேடியதில் மூன்று கிடைத்தன, மற்ற இரண்டும் எந்த நூலகப் பட்டியலிலும் இல்லை. ஆசிரியர் பெயர் நிஜம், தலைப்பு கற்பனை. என்ன தேடுவது என்று யோசிக்க அதைப் பயன்படுத்துங்கள். ஆண்டு, அளவு, இருப்பிடம் இந்த மூன்றையும் அதனிடமிருந்து அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

நூலகரிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. கோபப்படுவாரோ?

"சார், ஓவியப் புத்தகம் இருக்கா?" என்று கேட்டால் கையைக் காட்டிவிட்டு வேலையைப் பார்ப்பார். "மேடம், பனை ஓலைக் கூரை வீடுகளை வரையறேன், பழைய போட்டோ வேணும்" என்று கேட்டால் எழுந்து வருவார். எதை வரைகிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள், புத்தகத்தின் பெயரை அவர் சொல்வார். எனக்கு உதவிய ஒரு நூலகர் ஓவியமே பார்க்காதவர். ஆனால் அறுபதுகளின் மாவட்ட விவரச்சுவடிகளில் (கெஜட்டியர்) குடிசைப் படங்கள் இருப்பது அவருக்குத்தான் தெரிந்திருந்தது. ஸ்கெட்ச் நோட்டை ஒருமுறை காட்டிவிட்டீர்கள் என்றால் அடுத்த முறை உங்களுக்காகவே இரண்டு புத்தகம் எடுத்து வைத்திருப்பார்.

எங்கள் பேட்ச் கண்காட்சிக்கு ஒரு சின்ன கேட்டலாக் போட்டோம். அதை என்ன செய்வது?

இரண்டு பிரதி எடுத்து உங்கள் கல்லூரி நூலகத்துக்கும் கன்னிமாராவுக்கும் கொடுங்கள். ரோஜா முத்தையாவுக்கும் ஒன்று அனுப்பலாம். முந்தைய பேட்ச்களின் கேட்டலாக் ஒன்றைத் தேடி நான் அலைந்திருக்கிறேன். அதைப் போட்ட முப்பது பேரில் ஒருவரிடமும் பிரதி இல்லை. கடைசியில் ஒருவர் வீட்டில் சாப்பாட்டு மேஜைக்குக் கீழே, ஆடாமல் இருக்க மடித்து வைத்த காகிதமாகக் கிடைத்தது.

கேட்டலாக்கில் படத்துக்குக் கீழே உங்கள் பெயர், ஆண்டு, ஊடகம், அளவு போட்டிருக்கிறீர்களா என்று அச்சுக்குப் போகும் முன் பாருங்கள். அளவில் உயரத்தை முதலிலும் அகலத்தைப் பிறகும் எழுதுவதுதான் வழக்கம். காகிதப் படைப்பானால் அதே விவரத்தைப் பின்பக்கம் கீழ் மூலையில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதிவையுங்கள். பால்பாயின்ட் பேனா வேண்டாம், அது முன்பக்கம் தெரியும்.